மூச்சு வருவது யாருக்குத் தெரிகிறது? அத்வைதத்தையும் ஆனாபானசதியையும் சேர்த்துப் பழகுவது பற்றி

அத்வைதம் படிக்கத் தொடங்கிய பலர் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். "நான் இந்த உடல் அல்ல, மனமும் அல்ல, இரண்டையும் அறிகிற அறிவே நான்" என்ற கருத்து படிக்கும்போது விளங்குகிறது. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வருகிறது. பத்து நிமிடம் கழித்து யாராவது கடுஞ்சொல் ஒன்று சொல்லிவிட்டால் பழைய கோபம் பழைய வேகத்தோடு எழுகிறது. சரி, உட்கார்ந்து தியானம் செய்யலாம் என்றால் எதைப் பற்றிக்கொண்டு உட்காருவது? பிரம்மத்துக்கு நிறமும் இல்லை, வடிவமும் இல்லை.

ஆனாபானசதி என்ற பௌத்த மூச்சுத் தியானம் பழகுகிறவர்கள் வேறு பக்கமாக வந்து இதே இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு உட்காரத் தெரியும், மூச்சோடு இருக்கத் தெரியும், மனமும் ஓரளவு அடங்குகிறது. ஆனால் ஒருநாள், "மூச்சு வருவதும் போவதும் தெரிகிறது. தெரிவது யாருக்கு?" என்ற கேள்வி தானாக முளைக்கிறது. அதையும் ஓர் எண்ணமாகக் கண்டு விட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்பு என்றுதான் அவர்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். விட மனம் வருவதில்லை.

நான் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவன். பல வருடம் வேதாந்தம் படித்தும், ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் உள்ள இடைவெளியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்று உறைத்த பிறகுதான் மூச்சிடம் வந்தேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பழக முடியுமா, முடியும் என்றால் எந்த வரிசையில், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

அத்வைதம் என்ன சொல்கிறது

அத்வைதம் என்றால் இரண்டற்றது. உபநிடதங்களில் ஆங்காங்கே வரும் இந்தக் கருத்தைக் கௌடபாதர் மாண்டூக்ய காரிகையில் திரட்டிக் கொடுத்தார். அவர் மரபில் வந்த ஆதி சங்கரர், 8-ஆம் நூற்றாண்டு வாக்கில், உபநிடதங்களுக்கும் கீதைக்கும் பிரம்ம சூத்திரத்துக்கும் எழுதிய உரைகளில் அதை ஒரு முழுத் தத்துவ தரிசனமாக நிறுத்தினார்.

அதன் மையம் ஒரு பிரித்தறிதல். காட்சியைக் கண் அறிகிறது. கண் மங்கலாக இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்பதை மனம் அறிகிறது. மனம் கலங்கியிருக்கிறதா, அமைதியாக இருக்கிறதா என்பதும் தெரிகிறது அல்லவா? அது எதற்குத் தெரிகிறதோ அதைச் சாட்சி என்கிறார்கள். சாட்சியை அறிவதற்கு அதற்குப் பின்னால் இன்னொன்று இல்லை. அறியப்படும் எதுவும் நான் ஆக முடியாது, அறிவதே நான் என்பது முதல் படி. அந்த அறிவும் உலகத்துக்கெல்லாம் அடிப்படையான பிரம்மமும் வேறு வேறு அல்ல என்பது அடுத்த படி. "நீ அதுவாக இருக்கிறாய்" என்று சாந்தோக்ய உபநிடதம் சொல்வது இதைத்தான்.

தொடக்கநிலையில் பலர் தவறவிடும் ஒரு செய்தி இங்கே உண்டு. சங்கரர் மரபில் தியானம் விடுதலையை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதைத் தெரிந்துகொள்வதே விடுதலை. கேட்டல், சிந்தித்தல், தெளிந்ததில் ஊன்றி நிற்றல் என்ற மூன்றும்தான் வழி. ஆனால் கேட்டது உள்ளே இறங்க வேண்டுமானால் மனம் ஓர் இடத்தில் நிற்கப் பழகியிருக்க வேண்டும். மாணவனுக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்றாக அவர்கள் வைத்திருக்கும் சொல் "சமாதானம்". நாம் சண்டைக்குப் பிறகு செய்துகொள்ளும் சமாதானம் இல்லை இது, மனம் ஒருமுகப்பட்டு நிலைத்திருப்பது. மூச்சுத் தியானம் அத்வைதப் பழக்கத்துக்குள் நுழைவதற்கு இயல்பான வாசல் இதுதான் என்பது என் கருத்து.

ஆனாபானசதி

பாலி மொழியில் ஆனம், அபானம் என்பவை உள்மூச்சையும் வெளிமூச்சையும் குறிக்கும். சதி என்றால் மறவாமல் விழிப்போடு இருத்தல். பாலி பௌத்தத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 118-ஆவது சூத்திரத்தில் புத்தர் இதை 16 படிகளாகச் சொல்கிறார். நான்கு நான்காகப் பிரித்து, முதல் நான்கை உடலுக்கும், அடுத்த நான்கை வேதனைக்கும், மூன்றாவது நான்கைச் சித்தத்துக்கும், கடைசி நான்கை நிலையாமை, பற்று நீங்குதல், ஓய்தல், விட்டுவிடுதல் ஆகியவற்றைக் காண்பதற்கும் வைத்திருக்கிறார். வேதனை என்ற சொல்லைக் கேட்டதும் வலி என்று நினைத்துவிட வேண்டாம். இனிமை, துன்பம், இரண்டுமற்றது என எந்த உணர்வுக்கும் அங்கே அதுதான் பெயர். மணிமேகலை இதற்கு "நுகர்வு" என்கிறது. எவ்வளவு பொருத்தமான சொல்!

தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு படிகளே போதும். நீண்ட மூச்சு என்றால் நீண்டது என்று தெரிந்துகொள்வது, குறுகிய மூச்சு என்றால் குறுகியது என்று தெரிந்துகொள்வது. நீளமாக்கச் சொல்லவில்லை, நிறுத்தச் சொல்லவில்லை. பிராணாயாமத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே: அங்கே மூச்சை நடத்துகிறோம், இங்கே மூச்சு நடக்கிறது, நாம் கூட இருக்கிறோம்.

எங்கே கவனிப்பது? 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்த நூல், காற்று தொடும் இடத்தில், அதாவது மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ நிற்கச் சொல்கிறது. வாயிற்காவலன் ஊருக்குள் போனவர்கள் பின்னாலும் வெளியே போனவர்கள் பின்னாலும் ஓடுவதில்லை, வாசலைக் கடக்கும்போது மட்டும் பார்க்கிறான் என்று உவமை சொல்லப்படுகிறது. எண்ணிக்கை வேண்டுமானால் ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல் எண்ணு என்றும் அதே நூல் சொல்கிறது. பர்மிய பிக்கு மகாசி சயாடோ வழியில் வந்தவர்கள் வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிப்பார்கள். எது இயல்பாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொண்டே மட்டும் இருக்காதீர்கள்.

இந்து மரபிலேயே மூச்சை வைத்துச் செய்யும் தியானம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மூச்சின் ஓசையையே "ஹம்ஸ" என்றும் "ஸோஹம்" என்றும், அதாவது "அது நானே" என்றும் கேட்பது அஜபா. ஒரு நாளைக்கு 21,600 முறை இந்த ஜபம் தானாக நடக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 15 மூச்சு வருகிறது, சும்மா இருக்கும் மனிதனின் மூச்சு வேகம் ஏறக்குறைய அதுதான். அழகான முறை. ஆனாலும் தொடக்கத்தில் எனக்கு ஆனாபானசதியே உதவியது. அஜபாவில் விடை மூச்சிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனாபானசதியில் மூச்சு வெறும் மூச்சாக இருக்கிறது, அதனால் கேள்வி கேட்க இடம் கிடைக்கிறது.

இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "எல்லாம் ஒன்றையே சொல்கின்றன" என்று எளிதாகக் கடந்துவிட்டால் இரண்டிலிருந்தும் நமக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும்.

ஒற்றுமை கண்ணைப் பறிப்பது உண்மைதான். புத்தர் தம் இரண்டாம் பேருரையில் உருவம், நுகர்வு, குறிப்பு (அடையாளம் காணுதல்), மனச்செயல்கள், விஞ்ஞானம் (அறிவு) என்ற ஐந்து கந்தங்களையும், அதாவது நாம் நான் என்று எண்ணும் ஐந்து தொகுதிகளையும், ஒவ்வொன்றாக எடுத்து, "இது என்னுடையது அல்ல, இது நான் அல்ல, இது என் ஆத்மா அல்ல" என்று காணச் சொல்கிறார். பிருகதாரண்யக உபநிடதம் "இதுவல்ல, இதுவல்ல" என்கிறது. பாதி வழிவரை இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்: நாம் எதையெல்லாம் நான் என்று பிடித்திருக்கிறோமோ அந்தப் பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிறார்கள்.

பிரியும் இடம் விஞ்ஞானம், அதாவது அறிவு. சாதி என்ற ஒரு பிக்கு, மீனவரின் மகன், ஒரே விஞ்ஞானம்தான் மாறாமல் பிறவி பிறவியாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். புத்தர் அவரை அழைத்துக் கடுமையாகவே திருத்தினார். கட்டையை எரித்தால் கட்டைத் தீ, புல்லை எரித்தால் புல் தீ. அதுபோல் கண்ணால் எழுவது கண் விஞ்ஞானம், காதால் எழுவது காது விஞ்ஞானம், காரணம் இல்லாமல் எழும் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்றார். அத்வைதி இதைக் கேட்டால் என்ன சொல்வார்? "நீங்கள் சொல்லும் விஞ்ஞானம் எழுந்து மறைவதுதான். நாங்கள் அதை மனத்தின் விருத்தி, அதாவது மனத்தில் எழும் அசைவு, என்போம். அது எழுவதும் மறைவதும் எதனால் தெரிகிறதோ அது எழவில்லை." பௌத்தர் விடமாட்டார். "அப்படி ஒன்றைத் தனியாக நிறுத்துவதே கடைசிப் பற்று" என்பார்.

சங்கரர் பிரம்ம சூத்திர உரையில் பௌத்தப் பள்ளிகளை மறுத்தே எழுதியிருக்கிறார். அவரை எதிர்த்தவர்களோ அவரையே மறைந்திருக்கும் பௌத்தர் என்று குற்றம் சாட்டினார்கள். நூற்றாண்டுகளாக அறிவாளிகள் மோதிய இடத்தை நம் காலைத் தியானத்தில் 20 நிமிடத்தில் தீர்த்துவிட வேண்டியதில்லை. வச்சகோத்தன் என்ற துறவி "ஆத்மா இருக்கிறதா?" என்று கேட்டபோது புத்தர் பேசாமல் இருந்தார். "அப்படியானால் இல்லையா?" என்றபோதும் பேசவில்லை. பழகுகிறவருக்கு இந்த மௌனம் பெரிய உதவி. உட்காரும்போது ஆத்மா உண்டு என்ற முடிவையும் இல்லை என்ற முடிவையும் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். கேள்வியை மட்டும் கொண்டுபோனால் போதும்.

உட்கார்ந்த பிறகு

25 நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 15 நிமிடம் மூச்சுக்கு மட்டும். இந்த நேரத்தில் வேதாந்தம் வேண்டாம். "மூச்சும் பிரம்மமே" என்ற எண்ணம் வந்தால், அது எவ்வளவு உயர்ந்த எண்ணமாக இருந்தாலும், எண்ணம் வந்தது என்று தெரிந்துகொண்டு மூக்கு நுனிக்குத் திரும்ப வேண்டும். நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். சினிமாப் பாட்டை விட்டுத் திரும்புவது எளிது, உபநிடத வாக்கியத்தை விட்டுத் திரும்புவது கஷ்டம். ஆனால் இரண்டும் அந்த நேரத்தில் செய்வது ஒரே வேலைதான், மூச்சைவிட்டு நம்மை இழுத்துப் போகின்றன.

மூச்சு மெலிந்து மனம் கொஞ்சம் தங்கிய பிறகு, மூச்சை விடாமலே, ஒரு சிறு கேள்வியைப் போடுங்கள். "இந்த மூச்சு தெரிகிறது. யாருக்கு?" "எனக்கு" என்று உடனே பதில் வரும். வரட்டும். "இந்த எனக்கு என்பது எங்கே இருக்கிறது?" என்று பாருங்கள். பதிலை யோசிக்க வேண்டாம், தேடிப் பாருங்கள்.

பெரும்பாலும் என்ன தென்படும் என்றால், நெற்றிக்குப் பின்னாலோ கண்களுக்கு நடுவிலோ ஒரு மெல்லிய இறுக்கம். அங்கே உட்கார்ந்துகொண்டு நான் கீழே உள்ள மூச்சைப் பார்க்கிறேன் என்ற உணர்வு. அத்வைதம் படித்தவர்கள் இதையே சாட்சி என்று எடுத்துக்கொண்டு பல காலம் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. நானும் தங்கியிருக்கிறேன். இங்கே பௌத்தப் பயிற்சி கைகொடுக்கிறது. மூச்சு படும் இடத்தில் தொடுதல் எழுந்து மாறி மறைவதை வாரக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இந்த இறுக்கமும் அதே வகைதான் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். அதுவும் கூடுகிறது, குறைகிறது, இடம் மாறுகிறது. அதாவது பார்ப்பவன் என்று நான் நினைத்ததும் பார்க்கப்படுகிற ஒன்றுதான்.

அதையும் விட்ட பிறகு பிடிக்க எதுவும் இருப்பதில்லை. ஆனால் மூச்சு தெரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஓசை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேன உபநிடதம் பிரம்மத்தை "மூச்சின் மூச்சு" என்றும், மூச்சால் இயங்காதது, எதனால் மூச்சு இயங்குகிறதோ அது என்றும் சொல்வதைப் படித்திருப்பீர்கள். அந்த வரி எந்தத் திசையில் விரல் நீட்டுகிறது என்பது இந்த நொடியில் கொஞ்சம் புலப்படலாம். சில விநாடிதான் நிற்கும். "ஓ, இதுதான் சாட்சி!" என்று ஒரு குரல் வந்து அதை எடுத்துக்கொள்ளும். கவலை வேண்டாம். அந்தக் குரல் ஓர் எண்ணம். மூச்சுக்குத் திரும்புங்கள், நிலைத்த பிறகு மறுபடி கேளுங்கள். ஐந்து, ஏழு நிமிடம் இப்படிப் போய்த் திரும்பினால் போதும். மீதி நேரம் எதுவும் செய்யாமல் சும்மா இருந்துவிட்டு எழுந்திருக்கலாம்.

கேள்வியை மந்திரம் போல் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது போல ஒருமுறை கேட்டுவிட்டு நில்லுங்கள்.

மூச்சோடு மட்டும் நின்றால் என்ன குறை என்று கேட்கலாம். இதற்கு ரமண மகரிஷி தெளிவான விளக்கம் தந்திருக்கிறார். 1927-இல் அவர் இயற்றிய உபதேச உந்தியாரில், வளியை, அதாவது மூச்சை, உள்ளடக்கினால் வலையில் பட்ட பறவைபோல் மனமும் ஒடுங்கும் என்கிறார். மனத்துக்கும் உயிர்ப்புக்கும் மூலம் ஒன்று, அவை ஒரே அடியிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள் என்கிறார். அடுத்தே ஒடுக்கத்தில் இரண்டு வகை சொல்கிறார்: லயம், நாசம். லயித்தது மறுபடி எழும், நாசமானது எழாது. மூச்சால் அடங்கிய மனத்தை ஒரே வழியில், நான் யார் என்று ஆராயும் விசாரத்தில், செலுத்தினால்தான் அதன் உரு வீயும், அதாவது அழியும். அவர் பேசுவது மூச்சை அடக்குவதைப் பற்றி, ஆனாபானசதியைப் பற்றி அல்ல. புத்தர் காட்டிய 16 படிகளும் அமைதியோடு நின்றுவிடுவதில்லை, நிலையாமையைக் காண்பதில் போய் முடிகின்றன. என்றாலும் நம்மில் பலர் முதல் சில படிகளில் கிடைக்கும் அமைதியிலேயே குடியேறிவிடுகிறோம், அதற்கு இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இதே இடத்துக்குக் கௌடபாதர் தரும் வழிகாட்டலும் உண்டு. தூக்கத்தில் மூழ்கும் சித்தத்தை எழுப்பு. சிதறியதை அமைதிப்படுத்து. உள்ளே கறை ஒட்டிக்கொண்டு மரத்துப் போயிருந்தால் அதைத் தெரிந்துகொள். சமநிலைக்கு வந்துவிட்டால் அதைக் கலைக்காதே, அங்கே கிடைக்கும் சுகத்தைச் சுவைத்துக்கொண்டும் இராதே. பௌத்தர்கள் சொல்லும் ஐந்து தடைகளில் சோம்பலும் தூக்கமும் ஒன்று, மனப் பரபரப்பும் வருத்தமும் இன்னொன்று. இரண்டு மரபுகளும் உட்கார்ந்து பார்த்தவர்களால் எழுதப்பட்டவை என்பது இங்கே தெரிகிறது. தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து மூச்சின் தொடக்கத்தைக் கூர்மையாகப் பாருங்கள். சிதறினால் கேள்வியை விட்டுவிட்டு வெளிமூச்சோடு மட்டும் இருங்கள். சிதறிய மனத்தோடு "நான் யார்" என்று கேட்டால் வருவது விசாரம் ஆகாது, வெறும் யோசனைதான்.

சில எச்சரிக்கைகள்

மூச்சைக் கவனித்தாலே சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்கள் வற்புறுத்திக்கொள்ளக் கூடாது. பாதம் தரையில் படுவதையோ சுற்றிலும் கேட்கும் ஓசையையோ எடுத்துக்கொள்ளலாம். கடுமையான மனநலச் சிக்கலுக்கு மருத்துவம் பெறுகிறவர்கள் "நான் என்று ஒன்று எங்கே" என்ற விசாரத்தில் தனியாக இறங்காமல் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவதே சரி.

பத்து நாள் விபாசனா என்ற பௌத்தத் தியான முகாமுக்குப் போகிறவர்களிடம் அந்த நாட்களில் வேறு எந்தச் சாதனையையும் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். அதை மதிக்க வேண்டும். விசாரம் பத்து நாள் காத்திருக்கும். அதுபோல ஒரு வேதாந்த ஆசிரியரிடம் முறையாகப் படிக்கிறவர், மூச்சுப் பழக்கம் தமக்கு எங்கே உதவுகிறது என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்வது நல்லது.

இன்னொன்று, எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. "நான் சாட்சி, கோபம் மனத்துக்கு வந்தது, எனக்கு வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு, புண்படுத்தியவரிடம் மன்னிப்புக் கேட்காமல் இருப்பதற்கு அத்வைதம் அனுமதி தரவில்லை. புத்தர் வழியில் சீலம், அதாவது நல்லொழுக்கம், தியானத்துக்கு முன்பே வருகிறது. வேதாந்தத்திலும் மன அடக்கமும் புலனடக்கமும் பொறுமையும் விசாரத்துக்கு முன் வேண்டிய தகுதிகளாகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

பழக்கம் வேலை செய்கிறதா என்பதைத் தியான நேரத்தில் அளக்க வேண்டாம். யாராவது ஒரு சொல் சொல்லும்போது மூச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மேல் மார்பில் குறுகி நிற்பது முதலில் தெரியும். குறுகியது குறுகியது என்று தெரிந்தால் அது ஆனாபானசதியின் இரண்டாம் படி, நடுத்தெருவில் நடந்தாலும் அதுவேதான். அப்புறம், வாயைத் திறப்பதற்கு முன்பு ஒரு மூச்சளவு நேரம் கிடைத்தால், காயம் பட்டது யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில மாதங்களில் வாயைத் திறந்த பிறகுதான் இந்தக் கேள்வி நினைவுக்கு வரும். அப்போதும் கேளுங்கள்.